சகலையின் கிரியாட்டினின்

மைசூர் மண்டி மொஹல்லாவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ரத்தினசாமிக்குப் பொறாமைக் குணம் கிடையாது. இதை அவரே பலரிடம், யாரும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறார். எதிர்க்கடைக்காரர் கார் வாங்கினார். ரத்தினசாமி போய் டயரைத் தட்டிப் பார்த்து வாழ்த்திவிட்டு வந்தார். பக்கத்துச் சந்துக்காரர் மகன் ஜெர்மனிக்குப் போனான். அங்கே குளிருமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஊரெல்லாம் மேய்கிற பொறாமை அல்ல அவருடையது. ஒரே முளையில் கட்டிப்போட்டு, வேளாவேளைக்குத் தீனி வைத்து வளர்த்த பொறாமை. அந்த முளையின் பெயர் காளிதாஸ்.

காளிதாஸ் அவருக்குச் சகலை. ஹனூர்ப் பக்கத்து விவசாயி கரியப்பனுக்கும் நாச்சம்மாளுக்கும் பிறந்த மூத்த மகள் மகேஸ்வரியை ரத்தினசாமியும், இளைய மகள் பூங்குழலியைக் காளிதாஸும் கட்டினார்கள். அக்காவும் தங்கையும் பிரியக் கூடாது என்பது மாமனாரின் ஆசை. ஆகவே மைசூரில் இரு குடும்பமும் ஒரே கட்டடத்தில் குடியேறின. ரத்தினசாமி கீழே, காளிதாஸ் மாடியில். மூத்த மாப்பிள்ளை கீழேயும் இளைய மாப்பிள்ளை மேலேயும் இருப்பது என்ன முறை என்று ரத்தினசாமி ஒருமுறை கேட்டார்.

"முட்டி வலிக்குது, படியேற முடியாதுன்னு நீங்கதானுங்களே கீழ்வீடு கேட்டு வாங்கினீங்க?" என்றாள் மகேஸ்வரி.

அது வேறு விஷயம்.

காளிதாஸ் ஒரு தனியார் ஆலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். சாயங்காலம் வீடு திரும்பும்போதும் சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். ரத்தினசாமி சட்டையில் காலை பத்து மணிக்கே வார்னிஷ் கறை. காளிதாஸுக்குத் தலை நரைக்கவில்லை. அவர் வீட்டு மிக்ஸி பழுதாவதில்லை. மோட்டார் மெக்கானிக்கான ரத்தினசாமி வீட்டு மிக்ஸி மட்டும் வருஷம் இருமுறை புகையும். இதையெல்லாம் ரத்தினசாமி பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது சகலையின் கிரியாட்டினின்தான்.

காளிதாஸுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. ஆலையில் வருடாந்தரப் பரிசோதனை நடந்தபோது ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது என்று வந்தது. கல்லீரலின் நொதியும் இருக்க வேண்டியதைப் போல இரண்டு பங்கு. நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்று அப்போது ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படிச் சேர்ந்து கெடுகின்றன, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள எந்தப் பொருள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று பார்க்கும் ஆராய்ச்சி. காளிதாஸை அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு இது கெட்ட சேதி. காளிதாஸ் கையில் அது பட்டமாகிவிட்டது. குறித்த நாளில் சந்துமுனைக்கு வெள்ளைக் கார் வரும். ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கும் சுசித்ரா என்ற பெண் இறங்கி, "காளிதாஸ் சார், உபவாசமா இருக்கீங்க அல்வா?" என்று, 'அல்லவா'வைக் கன்னடமாக்கி, மாடியைப் பார்த்துக் கூவுவாள். அந்த 'சார்' சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும். ரத்தம் எடுத்த பிறகு நல்ல ஹோட்டல் இட்லி வடை கொடுத்து, திரும்பவும் காரிலேயே கொண்டுவந்து விடுவார்கள். ரத்தினசாமியை அவர் வாழ்நாளில் யாரும் காரில் கூட்டிப்போய் இட்லி கொடுத்ததில்லை, கல்யாணத்தன்று தவிர. அந்தக் காருக்கும் வாடகை அவர்தான் கொடுத்தார்.

"போன தடவை ஒண்ணு புள்ளி ஒன்பது. இந்தத் தடவை ரெண்டு" என்று காளிதாஸ் படியில் நின்று அறிவிப்பார். கேட்பவர்கள் வாயில் கைவைப்பார்கள்.

இந்த வம்சத்தில் எண் என்றால் ஏறினால் பெருமை, இறங்கினால் தலைகுனிவு. மஞ்சள் விளைச்சலோ, பசு கறக்கும் பாலோ, பிள்ளைகளின் மதிப்பெண்ணோ, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். கிரியாட்டினினுக்கு மட்டும் சட்டம் தலைகீழ் என்று எடுத்துச்சொல்ல ஆளில்லை. டாக்டர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன தொனியும், புருவத்தைத் தூக்கிய விதமும், "ரெண்டா!" என்று மலைத்த மலைப்பும் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையிடம் வாத்தியார் காட்டுவதைப் போலவே இருந்துவிட்டன.

வெடிப்பு ஹனூரில் நிகழ்ந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. அந்த வீட்டில் ஈரல் வறுவலின் முதல் தட்டு மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் வரும். ரத்தினசாமி மாப்பிள்ளையான நாள் முதல் அது மாறியதே இல்லை. அன்று நாச்சம்மாள் தட்டோடு வந்தார், ரத்தினசாமி இலையருகே நின்றார், பிறகு நகர்ந்தார்.

"மாப்ள, நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க. சின்ன மாப்ளைக்கு ஈரல் கெட்டுப் போச்சுங்களாமா. ஈரலுக்கு ஈரல்தானுங்க மருந்து" என்று சொல்லி, தட்டைக் காளிதாஸ் இலையில் கவிழ்க்கப் போனார்.

காளிதாஸ் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். "அய்யோ வேண்டாங்கத்தை. நான் கறியே அளந்துதான் திங்கோணும். ஸ்டடியில இருக்கறனல்லங்க?"

பந்தி முழுக்க அந்த 'ஸ்டடி'யை அசைபோட்டது. நாச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரே திங்காதப்ப வேற யாருக்கு எறங்கும்?" என்று தட்டை அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

ரத்தினசாமிக்கு இறங்கியிருக்கும். தாராளமாக இறங்கியிருக்கும். அவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே அவர் வெறும் வயிற்றோடு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், இருக்கிற எல்லாச் சோதனையையும் எடுக்கச் சொன்னார். மாலையில் முடிவு வந்தது. சகலையின் காகிதத்தில் வரிக்கு வரி தடித்த எழுத்து, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி, சிவப்பு மையில் டாக்டரின் வட்டம். இவருடைய காகிதம் ஓட்டுப் போடாத வாக்குச்சீட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"எல்லாம் நார்மல் சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சார். நார்மல்."

"கிரியாட்டினின்?"

"பாயிண்ட் நைன்."

"ஒண்ணுகூட இல்லியா?" என்றார் ரத்தினசாமி, குரல் உடைந்து.

வீட்டில் மகேஸ்வரியிடம் நீட்டினார். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்களா, நல்லதாப் போச்சு. வர்ற வழியில கொத்தமல்லி வாங்கலீங்களா?" என்றாள். மாடியில் அப்போது சகலைக்காக அவளே செய்து கொடுத்த உப்பில்லாப் பொரியலின் வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அறிவியல் ரத்தினசாமியின் கதவைத் தட்டியது. சுசித்ரா மைசூர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். மாடியிலிருந்து இறங்கியவள் இவர் வாசலில் நின்றாள்.

"சார், ஒரு சகாயம் வேணும். காளிதாஸ் சார் உங்க பேர் சொன்னார். எங்களுக்கு அவர் வயசு, அவர் ஏரியா, அவர் சாப்பாடு, ஆனா வியாதி இல்லாத ஒருத்தர் வேணும். அவரோட நம்பரை உங்க நம்பர் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்."

"எதுக்கும்மா?"

"கிரியாட்டினின்ங்கறது தசையிலிருந்து வர்ற கழிவு சார். கிட்னி அதை வெளியே தள்ளும். கிட்னி சோம்பேறி ஆனா அது ரத்தத்துலயே நிக்கும். எவ்ளோ நிக்குது, அது ஜாஸ்தியா கம்மியான்னு எப்படித் தெரியும்? நல்லா இருக்கறவரோட ஒப்பிட்டுத்தானே?"

"அப்ப நானில்லாட்டி?"

"நீங்க இல்லன்னா அவர் நம்பருக்கு அர்த்தமே இல்ல சார்."

ரத்தினசாமிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையாம். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மாடி ஜன்னல் திறந்திருந்தது.

சகலையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது என்பது ரத்தினசாமி கல்யாணமான நாள் முதல் சம்பளமில்லாமல், லீவு எடுக்காமல் பார்த்துவந்த வேலை. இன்று ஒரு மருத்துவக் கல்லூரி அந்த வேலைக்கு அவரை முறைப்படி நியமித்துவிட்டது. இனிஷியல் முதல் கடைசிப் புள்ளி வரை முழுசாகக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் மண்டி மொஹல்லாவில் டீ குடிக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது: அளக்கப்படுகிறவர் காளிதாஸ், அளவுகோல் ரத்தினசாமி.

ரத்தம் எடுத்தார்கள், இட்லி வந்தது, கார் வந்தது. அடுத்தது கேன். ஒருநாள் காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை வரை போகிற சிறுநீரையெல்லாம் ஒரு துளி விடாமல் ஒரே கேனில் சேர்க்க வேண்டும். பெயர் எழுதிய பெரிய வெள்ளைக் கேன் இரண்டு வந்தன, ஒன்று மாடிக்கு, ஒன்று கீழே. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னாள் சுசித்ரா.

"ஃபிரிட்ஜ்ல மாவும் பாலும் வெச்சிருக்கறேன். அந்தக் கேனு உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்" என்றாள் மகேஸ்வரி. மாடியில் பூங்குழலி புருஷனுக்காக ஐஸ் பெட்டியே வாங்கி வைத்திருந்தாள். ரத்தினசாமி அதையும் மனத்தில் குறித்துக்கொண்டு, தன் கேனை ஈரச் சாக்கு சுற்றிக் குளியலறை மூலையில் வைத்தார்.

மத்தியானம் மாடிக்குப் போய் நலம் விசாரிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. சகலையின் கேன் பாதிக்கு மேல். சர்க்கரைக்காரர், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, மணிக்கொரு தரம் போய்க்கொண்டிருந்தார். கீழே தன்னுடையதில் அடிப்பாகம் நனைந்திருந்தது, அவ்வளவே. மோர் குடித்தார். இளநீர் குடித்தார். தர்பூசணி தின்றார். வயிறு உப்பியதே தவிர கேன் உயரவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. உடனே அதை உதறினார். அவர் நேர்மையானவர். பாலில் தண்ணீர் கலக்கிறவனையே பிடிக்காதவர் இதிலா கலப்பார்?

அந்த நேரத்தில்தான் தம்பி கணேஷ்குமார் சாப்பிட வந்தான். அடுத்த சந்தில் குடியிருப்பவன், கடையில் அண்ணனுக்கு வலது கை. கரடி மனை என்று மைசூரில் சொல்லும் குஸ்திக் கூடத்துக்குத் தினம் போகிறவன். பம்ப்செட் மோட்டாரைத் தனியாளாகத் தோளில் தூக்குவான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்றார்கள் பெரியவர்கள். கேனைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. படைக்கே அஞ்சாதவன் கேனுக்கா அஞ்சுவான் என்று விட்டிருப்பார்கள்.

"டேய், இங்க வா. ஒரு ஒதவி."

"சொல்லுண்ணா. மோட்டார் எறக்கோணுமா?"

"இல்ல. இதுல போ."

கணேஷ்குமார் கேனைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "அண்ணா, இதுல உன்ற பேரு எழுதியிருக்குது."

"இருந்தா என்ன? பெரியப்பா மாதேஸ்வரன் மலைக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டு, பாதியில கால் சுளுக்கிக்கிட்டப்ப மிச்சத்தை யார்ரா நடந்தாங்க?"

"நம்ம அப்பா."

"மாதேஸ்வரன் ஒத்துக்கலியா?"

"ஒத்துக்கிட்டாரு. பெரியப்பாவுக்குப் பையன் பொறந்தானே."

"சாமியே அண்ணன் தம்பின்னு பிரிச்சுப் பாக்கலை. ஒரு காலேஜு பாக்குமா? போடா."

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. கணேஷ்குமார் போனான். சாயங்காலமும் வந்து போனான், மறுநாள் விடிந்ததும் வந்து போனான். கார் வந்தபோது ரத்தினசாமியின் கேன் சகலையின் கேனுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. சுசித்ரா இரண்டையும் தூக்கிப் பார்த்து, "அப்பா, செம கனம்" என்றாள். அந்தப் பாராட்டு ரத்தினசாமிக்கு இரண்டு நாள் தாங்கியது.

வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது.

"சார், பயப்படாதீங்க. உங்க யூரின்ல ஆல்புமின்னு ஒரு புரோட்டீன் ஜாஸ்தி வருது. நல்ல கிட்னி அதை வெளியே விடாது. டாக்டர் மனிஷா மேடம் உங்களைப் பார்க்கணுமாம். திங்கக்கிழமை வாங்க."

"ஜாஸ்தின்னா?" ரத்தினசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "காளிதாஸைக் காட்டிலுமா?"

சுசித்ரா தயங்கினாள். நோயாளிகள் இதைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. "ஆமா சார். அவரை விட."

அன்று சாயங்காலம் ரத்தினசாமி கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். மகேஸ்வரி அழுதாள். கொத்தமல்லியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பூங்குழலி மாடியிலிருந்து உப்பில்லாப் பொரியலோடு இறங்கி வந்து, "மாமா, ரெண்டு வாய் சாப்புடுங்க" என்று கெஞ்சினாள். நாச்சம்மாள் கொள்ளேகால் வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்பில்லாத பொரியல் மண் மாதிரி இருந்தது. ஆனால் அதை ஒவ்வொரு வாயாக ஊட்டப் பார்க்கிற உலகம் எவ்வளவு ருசியானது!

காளிதாஸும் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கு எவ்வளவுன்னு கேளுங்க சகல" என்றார் ரத்தினசாமி.

"கேட்டேனுங்க. பூங்குழலி சொன்னா." அதற்கு மேல் காளிதாஸ் பேசவில்லை. தரையைப் பார்த்தபடி இருந்தார். அது பொறாமைதான் என்று ரத்தினசாமி தீர்ப்பெழுதி, அந்த மௌனத்தையும் ஒரு கவளமாக விழுங்கினார்.

இத்தனை சுகத்துக்கு நடுவே ஒரு சின்ன முள் இருந்தது. கேனில் இருந்தது இரண்டு பேருடையது. இவருடைய ரத்தமோ சுத்தம். அப்படியானால் அந்தப் புரோட்டீன் யாருடையது? இந்தக் கேள்வி போன் வந்த நிமிஷமே அவருக்குத் தோன்றிவிட்டது. அதை அவர் தலையணைக்கு அடியில் வைத்து, மேலே படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை வரட்டும். திரும்பச் சோதிப்பார்கள், ஒன்றும் இருக்காது, ஏதோ தவறு நடந்துவிட்டது என்பார்கள், சாமி காப்பாற்றியதாக எல்லோரும் கும்பிடுவார்கள். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அந்த ஏற்பாட்டில் இருந்த வசதியே அதுதான். நாலு நாள் ராஜபோகம், பாவம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கணேஷ்குமார் வந்தான். அண்ணி சொல்லித்தான் அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாசற்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்த ஆறடி உடம்பு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டே கட்டிலருகே வந்து தரையில் உட்கார்ந்தது.

"அண்ணா, மனுசனுக்கு ஒரு கிட்னி போதுமாம். நெட்டுல பாத்தேன். என்றது ஒண்ணை எடுத்துக்கண்ணா."

கூடத்திலிருந்த பெண்கள் மூவரும் ஒரே சமயத்தில் விசும்பினார்கள். "இப்பிடியொரு தம்பி யாருக்குச் சாமி கெடைப்பான்!" என்றார் நாச்சம்மாள். ரத்தினசாமியின் பார்வை தன்னிச்சையாக, நாற்காலி நுனியில் அன்றும் வந்து உட்கார்ந்திருந்த காளிதாஸ் பக்கம் போனது. காளிதாஸுக்குத் தம்பியே கிடையாது. ரத்தினசாமியின் வாழ்வில் அதுதான் சிகரம். அதில் ஒரு நிமிஷம் நின்றார்.

அங்கிருந்து பார்வையை இறக்கியபோது தம்பியின் கால் கண்ணில் பட்டது. கழற்றிப் போட்ட செருப்பின் வார் இருந்த இடத்தில் பள்ளம். அதைச் சுற்றிக் கணுக்கால் பொங்கிய மாவு மாதிரி வீங்கியிருந்தது.

"காலு ஏன்டா இப்பிடி இருக்குது?"

"அதை விடுண்ணா. ரெண்டு மூணு மாசமா அப்பிடித்தான். குஸ்தியில பட்டதா இருக்கும். மாத்தர போட்டுக்கறேன்."

"என்ன மாத்தர?"

"தோள் வலிக்குப் போடறதுதான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வருசக் கணக்கா போடறேன், ஒண்ணும் பண்ணலை."

ரத்தினசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்த முள் முதுகு வழியாக மேலே வந்துவிட்டது. சொன்னால் கட்டில் போகும். மாமியார் அடுத்த பஸ்ஸில் ஏறுவார். காளிதாஸ் இனி உயிருள்ளவரை மாடியில் சிரித்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அது என்றது இல்ல."

"எதுங்க?" என்றாள் மகேஸ்வரி.

"புரோட்டீன்."

"பின்ன யாருதுங்க?"

ரத்தினசாமி தம்பியைக் கைகாட்டினார். கணேஷ்குமார் அழுகையை நிறுத்திவிட்டு, வகுப்பில் பிடிபட்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். மகேஸ்வரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "அந்தக் கேனுலயா? ரெண்டு பேருமா?" என்று கேட்டாள். நாச்சம்மாளுக்குப் புரியவே இல்லை; பூங்குழலி காதில் சொன்னாள். மாமியார் கட்டில் காலிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க அப்பிடிப் பண்ணுனீங்க?"

"அவரு கேனு ரொம்பிருச்சு" என்றார் ரத்தினசாமி. வேறு காரணம் அவருக்கும் தெரியவில்லை.

சிரிப்புக்காகக் காத்திருந்தார். காளிதாஸ் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கணேஷ்குமாரின் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, நிரம்ப மறுத்தது.

"சகல, இப்பவே சுசித்ராவுக்குப் போன் பண்ணுங்க. திங்கக்கெழமை வரைக்கும் வேண்டாமுங்க" என்றார்.

தம்பியோடு போய் நடந்ததைச் சொன்னபோது டாக்டர் மனிஷா கோபப்படவில்லை. அது ரத்தினசாமிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஒருநாளில் மனிதன் வெளியே தள்ளும் மொத்தக் கிரியாட்டினின் அவனவன் தசைக்கு ஏற்றபடிதான் இருக்கும் என்று விளக்கினார். "உங்க கேன் கணக்குப்படி உங்களுக்கு நூத்தி நாப்பது கிலோ உடம்பு இருக்கணும். தசரா குஸ்திக்கு அனுப்ப வேண்டிய ஆள் இங்க எப்படி வந்தார்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்."

தம்பிக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். ஆல்புமின் அவனுடையதேதான். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு. வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். வேறு மருந்து தொடங்கினார்கள். இன்னும் ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். இந்த நோயைக் கண்டுபிடித்தது அண்ணனின் பொறாமை என்று கேஸ் ஷீட்டில் எங்கும் எழுதவில்லை. மருத்துவ உலகம் நன்றி கெட்டது.

ரத்தினசாமியை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் இடத்துக்கு எதிர்ச் சந்து டீக்கடைக்காரரை எடுத்தார்கள். "அவன் பால்லயே பாதி தண்ணி. அவன் கேனை எப்பிடிம்மா நம்பறீங்க?" என்று சுசித்ராவிடம் கேட்டார். அவள், "சார், நீங்க சும்னே இருங்க" என்றாள். வெள்ளைக் கார் இப்போது சகலையையும் டீக்கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. கிளம்புகிற நேரத்தில் கடைக்குள் ஏதாவது ஒரு மோட்டாரை ரத்தினசாமி ஓங்கித் தட்டுவது சந்து முழுக்கக் கேட்கும்.

சில மாதம் கழித்து ஒருநாள் தம்பியின் சோதனை முடிவை வாங்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒன்று புள்ளி இரண்டு. ஆல்புமினும் பாதிக்கும் கீழே. வெளியே வரும்போது பெஞ்சில் காளிதாஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சி நாள் அல்ல. கார் இல்லை, இட்லி இல்லை. டாக்டர் வரச் சொல்லியிருந்தார்.

"தம்பிக்கு எவ்வளவுங்க?"

ரத்தினசாமி காகிதத்தைக் கொடுத்தார். காளிதாஸ் அதை நெடுநேரம் பார்த்தார். அவர் மடியில் அவருடைய காகிதம் கிடந்தது: இரண்டு புள்ளி ஐந்து. தம்பி காகிதத்தின் மீது இருந்த சகலையின் கண், ஒட்டிய உதடு, விழுங்கிய எச்சில், எல்லாமே ரத்தினசாமிக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். இந்தத் துறையில் அவரை விட்டால் மைசூரில் நிபுணர் கிடையாது. கலப்படமில்லாத, முதல் தரப் பொறாமை. காளிதாஸ் ரத்தினசாமி வீட்டுப் பொருளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். கல்யாணமான நாள் முதல் ரத்தினசாமி காத்திருந்த தருணம்.

சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

"எறங்கிருச்சுங்களே" என்றார் காளிதாஸ். காகிதத்தை மடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். இஸ்திரி கலையாத சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தது இப்போதுதான் தெரிந்தது. "எனக்கும் எறங்குங்களா, சகல? படியில நின்னு சத்தமாச் சொல்லிட்டா பயம் போயிரும்னு பாத்தேன். போகலீங்க."

ரத்தினசாமிக்கு மருத்துவம் தெரியாது. தம்பியின் காகிதத்தை நாலாக மடித்து உள்பையில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் சகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பிக்குச் சோதிச்ச மிஷின் சரியில்லீங்க. சும்மா கொறைச்சுக் காட்டுது" என்றார். இருவருக்கும் அது பொய் என்று தெரியும். காளிதாஸ் கொஞ்சம் சிரித்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டினார். "காளிதாஸ்! கூட யாரு வந்திருக்கா?"

ரத்தினசாமி எழுந்து, சகலையின் மடியிலிருந்த காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார். "நான்தாம்மா."

"நீங்க அவருக்கு என்ன ஆகணும்?"

"மூத்த சகலை" என்றார் ரத்தினசாமி. அந்த 'மூத்த'வைச் சற்று அழுத்தித்தான் சொன்னார்.